அந்தப் பக்கம் பார்த்தீங்களா, சேர்?

வேலை கேட்டு வந்த முதல் நாளே அவள் எங்கள் அலுவலகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

தலவாக்கலை ரயில் நிலையத்துக்குச் சற்று மேலே, ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். நான் யாழ்ப்பாணத்துக்காரன். தொண்ணூறுகளில் கணித ஆசிரியராக மலைக்கு வந்து, பிறகு அந்த வேலையை விட்டு, மென்பொருள் செய்கிற சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். தோட்ட மருந்தகங்களுக்காக ஒரு நோயாளர் பதிவேட்டை நாங்கள் செய்து முடித்திருந்த வாரம் அது. அவள் தன் சான்றிதழ்களை மேசையில் வைத்தாள். நான் அவற்றைப் பார்க்காமல், பெருமையோடு கணினியில் ஒரு பெயரைப் பதிந்து காட்டினேன். 'பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

"கரண்டு போனா என்னங்க சேர் ஆகும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் ஆகாது."

அவள் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சுவரோரம் போய் சுவிட்சைக் கீழே தள்ளினாள். நாலு கணினியும் ஒன்றாக அணைந்தன. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். மறுபடி எல்லாம் உயிர்பெற்றபோது நான் பதிந்த பெயர் எங்குமே இல்லை.

"பதிஞ்சாச்சுன்னு அதுதாங்க சொல்லிச்சு. அந்தப் பக்கம் பாத்தீங்களா சேர்?" என்றாள். குரலில் கேலி இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

அவள் அந்தப் பக்கம் என்று சொன்னது, எழுத்து உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடத்தை. அன்று அவளைத் திட்டி அனுப்பினேன். அடுத்த நாள் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வேலைக்கு வரச் சொன்னேன். வந்தவள் முதலில் கேட்டது, "ஆள அனுப்பினது நீங்கதானாங்க சேர்?"

முப்பதைத் தொட்ட வயது. குள்ளம். எப்போதும் ஒரு துணிப்பை. அதற்குள் நாலைந்து முழம் டெலிபோன் வயரும், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கிற மொடம் என்ற சிறு பெட்டியும் இருக்கும். அன்றைக்குத் தோட்ட அலுவலகங்களில் இணையம் என்றால் அந்தப் பெட்டிதான். மழை தூறினாலே அறுந்துபோகிற இணைப்பு. நாங்கள் எழுதுகிற எந்த மென்பொருளையும் அவள் அந்தப் பெட்டியில் மாட்டுவாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவாள். பிடுங்கிய பிறகு திரையைப் பார்க்க மாட்டாள். அடுத்த அறைக்குப் போய், செய்தி வந்து சேர வேண்டிய கணினியைப் பார்ப்பாள்.

மனிதர்களிடமும் அப்படித்தான். கடிதம் போட்டால் கிடைத்ததா என்று தேடிப் போய்க் கேட்பாள். கூட வேலை செய்த பெண்ணொருத்தி, "அக்கா, அவர் என்னக் கட்டிக்கிறேன்னு வீட்டுல சொல்லிட்டாராம்" என்று வெட்கத்தோடு சொன்னபோது, "யாரு சொன்னது? அவரா, அவங்க வீடா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு வாரம் இவளோடு பேசவில்லை. அவளோடு சேர்ந்து மதியம் சாப்பிட உட்கார்வதற்கே எங்களில் சிலர் தயங்கினோம். நம்பிக்கையோடு எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வரும். அவள் கேட்காத வேளையிலும் வருவது போலவே இருக்கும்.

யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்களில்தான் கொழும்பில் அந்த இணைய மாநாடு நடந்தது.

அதுவரை இணையப் பக்கம் என்றால், எதைச் சொடுக்கினாலும் முழுப் பக்கமும் வெளுத்துப்போய் மறுபடி வரும். அப்படியில்லாமல், படம் அசைய, அட்டவணை தானாக மாற, மேசைக் கணினியில் ஓடுகிற மென்பொருளைப் போலவே இயங்கும் பக்கங்களைச் செய்யப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம். ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன் என்று அதற்குப் பெயர். எந்தத் தொழில்நுட்பம் நிலைக்கும் என்று ஊரெல்லாம் வாதம். மாநாட்டில் அதற்கே ஒரு போட்டி வைத்தார்கள். மலைத் தோட்டங்களிலிருந்து மழை அளவை அனுப்பி, மண்சரிவு அபாயத்தை ஒரு வரைபடத்தில் காட்டும் பக்கம் செய்ய வேண்டும். வெல்கிறவருக்கு அந்த வேலையையே கொடுக்க ஒரு உதவி அமைப்பு முன்வந்திருந்தது.

மூன்று அணிகள் மிஞ்சின. அதில் ஒன்று நாங்கள்.

ஐந்து நடுவர்களில் ஒருவர் கொழும்புக்கு வெளியே வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று என்னிடம் பெயர் கேட்டார்கள். நான் அவள் பெயரைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் பக்கம் ஒரு கை இருக்கட்டும் என்றுதான்.

"நம்மளோடதுக்கு நானே மார்க் போடுறதாங்க?" என்று கேட்டாள்.

"மற்ற நடுவர்மாரும் ஆரோ ஒருத்தற்ற ஆக்கள்தான். நீர் வாரும்."

அவள் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாநாட்டுக்கு முதல் நாள் பஸ்ஸில் போனோம். கொழும்பை நெருங்கும் இடத்தில் சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். அவள் பையிலிருந்து வயரும், விளக்குகள் பதித்த கறுப்புப் பெட்டியும் வெளியே வந்தன.

சிப்பாய் இரண்டடி பின்னே போனான். பஸ்ஸில் வந்தவர்கள் எங்களைவிட்டு விலகினார்கள்.

"யாருடையது?" சிங்களத்தில் கேட்டார் அதிகாரி.

"என்னோடதுங்க மஹத்தயா. மொடம்," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி அவள் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு என்னுடையதை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னை மட்டும் தகரக் கூரைக்குக் கீழே தனியாக நிறுத்தினார்கள். பஸ் போய்விட்டது.

அவள் கையில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எனக்கு இது நடந்திராது. "அதைக் குடுத்திட்டுப் போவம்," என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். பெட்டியைத் தர அவள் தயார்தான். ஆனால் இப்போது பிரச்சினை பெட்டி இல்லை, நான்.

அவள் மாநாட்டு அழைப்பிதழைக் காட்டினாள். இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு ஒரு அனுமதித் தாளோடு வந்தார்.

"சரி, உறுதிப்படுத்திவிட்டார்கள். போகலாம்."

நான் என் பையை எடுத்தேன். அவள் நகரவில்லை.

"யாரு பேரச் சொன்னாங்க மஹத்தயா?"

அதிகாரியின் முகம் மாறியது. எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. விடுகிறேன் என்கிற மனிதனிடம் இப்படியா கேட்பது?

"நடுவர் என்று உன் பெயரைச் சொன்னார்கள்."

"இவரு பேரு?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இல்லை.

"அப்ப அடுத்த சாவடியில இவர மறுபடி புடிப்பாங்க. உங்க தாள்ல என் பேரு மட்டுந்தான் இருக்கும்," என்றாள். "இன்னொரு தடவ பேசி, இவரு பேரையும் எழுதிக் குடுங்க மஹத்தயா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி உள்ளே போனார். வந்தபோது தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. பெட்டியையும் அவளிடமே கொடுத்தார்.

வேறு பஸ்ஸில் ஏறினோம்; அடுத்த சாவடியிலும் எங்களை இறக்கினார்கள். அங்கிருந்த சிப்பாய் தாளில் விரல் வைத்து என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு போகச் சொன்னான். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள்மீது கோபமும் இருந்தது.

மாநாட்டு மண்டபம் ஒரு பெரிய ஹோட்டலில். குளிரூட்டி, கழுத்தில் தொங்கும் அட்டைகள், எல்லோரும் ஆங்கிலம். நடுவர் மேசையின் கோடியில் அவள் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கனிவானவர்.

முதல் அணி வந்தது. உலாவியில் தனியாக ஒரு பிளக்-இன்னைப் பதித்தால் ஓடும் தொழில்நுட்பம். திரையில் மலைகள் உருண்டன, மேகம் நகர்ந்தது, தோட்டங்கள் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மாறின. மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவ்வளவு அழகு.

அவள் எழுந்து, தன் மொடத்தின் வழியாக ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னாள். மேடையிலிருந்தவன் சிரித்தான். இரண்டு வருடத்தில் நாடு முழுவதும் வேகமான இணைப்பு வந்துவிடும் என்றான்.

"ரெண்டு வருசத்துக்கு மழை பெய்யாதா?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

மண்டபம் சிரித்தது. பேராசிரியர் தலையசைத்தார். மொடம் கிறீச்சிட்டு இணைந்தது. ஒரு மழை அளவைப் பதிந்து அனுப்பும் நேரம் பார்த்து அவள் வயரைப் பிடுங்கினாள். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. தோட்டம் அழகாகச் சிவந்தது. அவள் மேடையின் மறு கோடிக்கு நடந்துபோய், செய்தி வந்து சேர வேண்டிய கணினியைக் காட்டினாள். அதில் அந்தத் தோட்டம் பச்சையாகவே இருந்தது.

இரண்டாவது அணி இன்னொரு பெரிய நிறுவனத்தின் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டு வந்திருந்தது. வயரைப் பிடுங்கியதும் பக்கம் முழுதும் வெள்ளையாகிப் போனது. மேடையிலிருந்த பெண் அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது எங்களுடையது. பிளக்-இன் எதுவும் வேண்டாம்; உலாவியே போதும்; பின்னணியில் செய்தி போகும், வரும். அந்தப் பக்கத்தை நானே எழுதியிருந்தேன். அவள் வயரைப் பிடுங்கினாள். 'இணைப்பு இல்லை, காத்திருக்கிறது' என்றது பக்கம். மறுபடி மாட்டினாள். தானாகவே அனுப்பியது. மறு கோடியில் தோட்டம் சிவந்தது. மண்டபம் எழுந்து கைதட்டியது. பேராசிரியர் பேனாவை எடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் மட்டும் மறு கோடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மைக்கை வாங்கினாள்.

"நாங்க அனுப்பினது எம்பத்தி நாலு மில்லிமீற்றர். இங்க நூத்தி அறுபத்தெட்டுன்னு இருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் தடவையே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது என்ற பதில் வருவதற்குள் வயர் போனதால், என் பக்கம் அதை மறுபடி அனுப்பியிருக்கிறது. அங்கே இரண்டையும் கூட்டிவிட்டது. வேறு யாரும் அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. அவள் பேசாமல் வந்து உட்கார்ந்திருந்தால் யாருக்குமே தெரியாது.

எங்களுக்குப் பூச்சியம் போட்டாள். முதல் அணிக்கும் பூச்சியம். வெள்ளையாகிப் போன பக்கத்துக்கு மூன்று.

மற்ற நால்வரும் கலந்து பேசி முதல் அணிக்கே வெற்றி என்றார்கள். வரைபடம் அழகு; குறையைப் பிறகு திருத்தலாம் என்றார்கள். ஐவரும் கையெழுத்திட்டால்தான் அந்த வேலை கையளிக்கப்படும். பேராசிரியர் தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் அதை ஒரு தடவை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பேனாவை அதன்மேல் வைத்துத் திருப்பித் தள்ளினாள். அவர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசிப் பார்த்தார். அவள் "மன்னிக்கணும் சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. முடிவு ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். அந்த வேலை யாருக்கும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கித்துல்கலை தாண்டும் வரைக்கும் நான் பேசவில்லை. பிறகு அடக்க முடியவில்லை.

"உம்மால எத்தினை பேரின்ர வேலை போகப் போகுது தெரியுமே?"

"தெரியுங்க சேர். அதுல நானும் ஒருத்திங்க."

"எங்கட பக்கத்துக்கு ஏன் பூச்சியம்? அந்த வெள்ளைப் பக்கத்துக்கு மூண்டு!"

"வெள்ளையாப் போனா, என்னமோ ஆச்சுன்னு ஆளு தேடிப் போவான் சேர். நம்மளது தப்ப உறுதியாச் சொல்லுது. பொய்ச் செவப்பப் பாத்து ரெண்டு தடவ வீணா லயத்து வீட்ட விட்டு ஓடினவங்க, மூணாவது தடவ ஓட மாட்டாங்க."

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "எங்க தாத்தா குடியுரிமைக்கு விண்ணப்பப் பாரம் நெரப்பிக் குடுத்தாருங்க. மேல அனுப்பியாச்சுன்னு கிளாக்கர் சொன்னாரு. வருசக்கணக்கா காத்திருந்தோம். அண்ணனுக்கு அடையாள அட்டை இல்ல, எங்கயும் வேல இல்ல. ஆபீசுக்கு வெள்ளையடிக்க பீரோவ நகத்துறப்ப, பின்னால கெடந்துச்சு. எங்களோடது மட்டுமில்ல, மூணு லயத்துப் பாரமும்." துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அந்தக் கிளாக்கர் கெட்டவரு இல்லங்க. அனுப்பியாச்சுன்னு அவரும் நம்பினாரு."

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. அடுத்த மாதங்களில் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அவளிடம் நான் தேவைக்கு மட்டும் பேசினேன். அவள் தன்பாட்டில் என் இணையப் பக்கத்தைப் பிரித்து எழுதினாள். ஒவ்வொரு மழை அளவுக்கும் ஒரு தனி எண். அதே எண் மறுபடி வந்தால் சேர்க்காது. இன்னொன்றும் செய்தாள். செய்தி வராமல் போனால் தோட்டம் கடைசியாக இருந்த நிறத்திலேயே நிற்கும்படி நான் எழுதியிருந்தேன்.

"தெரியாததுக்கு எப்படிங்க சேர் பச்ச நெறம்?" என்று கேட்டு, அதைச் சாம்பல் நிறமாக்கினாள். கடைசியாகச் செய்தி வந்த நேரத்தையும் பக்கத்தில் போட்டாள்.

மூன்று தோட்டங்கள் சோதனைக்கு ஒப்புக்கொண்டன. தென்மேற்கு மழை தொடங்கியது.

ஒரு நாள் பகல் பன்னிரண்டுக்குக் கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் சாம்பலானது. ஒரு மணிக்கும் சாம்பல். தோட்டத்துத் தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தோம், மணி அடிக்கவில்லை.

"லைன் அறுந்திருக்கும். பின்னேரம் வரும்," என்றேன்.

அவள் குடையை எடுத்தாள். நான் அவளைப் போக விட்டிருக்கலாம். ஏன் கூடப் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முச்சக்கர வண்டி பாதி வழியில் நின்றது, பாதையில் சேறு. மிச்சத்தை நடந்தோம்.

தோட்டத்துக் கிளாக்கர், மழையை ஒழுங்காக அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தார். "லைன் வந்ததும் அனுப்பலாம்னு இருந்தேங்க." அவர் எழுதியிருந்த எண்கள் அபாய அளவைத் தாண்டியிருந்தன. தோட்டத்தை நடத்துகிற துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். லயத்துக்குப் பின்னால் சரிவிலிருந்து வந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தேயிலைக்கு நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு.

கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த பெண்கள் அசையவில்லை. "போன வருசமும் ஓடச் சொன்னாங்க. ஒண்ணும் ஆகல. புள்ளைங்க நனைஞ்சதுதான் மிச்சம்."

"விழும்னு நான் சொல்லலங்க," என்றாள். "விழாதுன்னும் எனக்குத் தெரியாது. நீங்களே வந்து பாருங்க."

நாலு பேர் ஏறி வந்தார்கள். கங்காணியின் மனைவி வெடிப்புக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனது. கையை எடுத்து, மண்ணைச் சேலையில் துடைத்து, கீழே இறங்கினாள். வாசலில் நின்ற பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர் மேட்டிலிருந்த பாடசாலையைப் பார்த்து நடந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால்.

இவள் ஒவ்வொரு கதவாக நின்று பெயர்களை எழுதினாள். நாற்பத்தேழு.

ஐந்து மணிக்குச் சரிவு இறங்கியது. லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைசி நாலு வீடுகள் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் நின்றன.

பாடசாலை விறாந்தையில் எனது கைத்தொலைபேசிக்கு மெல்லிய இணைப்புக் கிடைத்தது. உதவி அமைப்பின் ஆளிடம், "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, எல்லாரும் பத்திரம்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. நாப்பத்தாறு பேருதான் இருக்காங்க."

ரோகிணி என்ற எட்டு வயதுப் பிள்ளை. கடைசி வீடு. தாய் வெளிநாட்டில் வேலை; தகப்பன் நாலு நாளாக வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பெயரைத்தான் இவள் எழுதியிருந்தாள்.

"அத காலையிலயே அதோட அத்த லிந்துலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே," என்றார் ஒருவர்.

"பஸ் ஏறினதப் பாத்தீங்களா?"

"ரோட்டுல போறதப் பாத்தேன்."

"மழைன்னு திரும்பி வந்திருந்தா?"

ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மேலே சரிவு இன்னும் முனகிக்கொண்டிருந்தது. "இறங்காதீங்க" என்று சொல்லவும் முடியவில்லை, "இறங்குங்க" என்று சொல்லவும் முடியவில்லை. அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் எண் கிளாக்கரிடம் இருந்தது. கடைக்காரர், பார்த்து வருகிறேன் என்று போனவர் வரவில்லை. கடைக்குள் வானொலி பாடுவது மட்டும் கேட்டது. இருட்டத் தொடங்கியது. கீழே மண்வெட்டி எதிலோ மோதியது; எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கதவுப் பலகை.

கடைக்காரர் மூச்சு வாங்கக் கத்தினார். "இருக்கு, புள்ள இங்கதான் இருக்கு!"

விறாந்தையில் பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை.

"புள்ளகிட்டக் குடுங்க," என்றாள்.

கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் குரல்.

"பேரு சொல்லு கண்ணு."

பதிலைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"எந்த லயம்? அப்பா பேரு?"

அந்தப் பதிலையும் கேட்டாள். கையை உயர்த்தினாள். கீழே மண்வெட்டிகள் நின்றன. ஆண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். கிளாக்கர் தாளில் நாற்பத்தேழாவது பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டார்.

கொழும்புக்குப் பேச வேண்டும் என்று நான் கையை நீட்டினேன். அவள் தொலைபேசியைத் தரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பேரச் சொல்லு கண்ணு," என்றாள்.